துண்டு துண்டாய் அளக்கும் தூரம்

புதிய ரகக் கார் ஒன்றின் கைப்பிடியைத் தொட்டதும் பூட்டு விடுபடுகிறது. சாவி சட்டைப் பையிலோ கைப்பையிலோ கிடக்கிறது. யாரும் அதை வெளியே எடுக்கவில்லை, பொத்தானை அழுத்தவும் இல்லை. அந்தக் கண நேரத்துக்குள் கார் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டாக வேண்டும். இது என் சாவிதானா என்பது முதலாவது. அது இப்போது என் பக்கத்தில் இருக்கிறதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சங்கேதக் கணிதம் எப்போதோ நல்ல விடை தந்துவிட்டது. இரண்டாவது கேள்விதான் வாகனத் துறையைப் பல ஆண்டுகள் திணறடித்தது. கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் இரண்டு கருவிகளுக்கு இடையே உள்ள தூரத்தை எப்படித் துல்லியமாக அளப்பது? அளவெடுக்கும்போது நடுவில் யாரும் புகுந்து ஏமாற்றாமல் எப்படித் தடுப்பது? இதற்குப் பொறியாளர்கள் இப்போது வந்து சேர்ந்திருக்கும் விடைகளில் ஒன்று, ரேடியோ பாக்கெட்டை, அதாவது ஒரே மூச்சில் அனுப்பும் சிக்னல் தொகுப்பை, துண்டு துண்டாக வெட்டி அனுப்புவது. வெட்டுவதற்கும் தூரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பழைய சாவியில் இருந்த ஓட்டை

சாவியை எடுக்காமலே திறக்கும் பழைய கார்களில் ஏற்பாடு இதுதான். கார் 120 முதல் 135 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலைவரிசையில் மெல்லிய அழைப்பு ஒன்றை விடும். அந்த அழைப்பு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் எட்டாது. சாவி அதைக் கேட்டுவிட்டால் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் சங்கேதப் பதில் அனுப்பும். பதில் சரியென்றால் கதவு திறக்கும். என் குரல் ஒன்றிரண்டு மீட்டர்தான் போகும், சாவிக்கு அது கேட்டிருக்கிறது, ஆகவே சாவி அருகில் இருக்கிறது என்று கார் முடிவு கட்டுகிறது. தூரத்தை அது அளப்பதே இல்லை. சிக்னல் கேட்டதா இல்லையா என்பதை வைத்து ஊகிக்கிறது.

இந்த ஊகம் எவ்வளவு பலவீனமானது என்பதை 2011இல் சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஃபிரான்சிலோன், டானேவ், சாப்குன் ஆகிய மூவரும் 8 நிறுவனங்களின் 10 கார் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். காரின் அருகே ஓர் ஆன்டெனா, சாவி இருக்கும் இடத்துக்கு அருகே இன்னொன்று, இரண்டையும் இணைக்கக் கேபிள் அல்லது ஒரு ரேடியோ இணைப்பு. காரின் அழைப்பை முதல் ஆன்டெனா பிடித்து, இரண்டாவது ஆன்டெனா சாவியின் அருகே அதை மறுபடி ஒலிபரப்பியது. சிக்னலை இப்படி வாங்கி மறுபடி அனுப்புவதை அஞ்சல் என்போம். வீட்டுக்குள் கிடந்த சாவி, கார் பக்கத்தில் நிற்கிறது என்று நம்பிப் பதில் அனுப்பியது. கதவு திறந்தது, எஞ்சினும் கிளம்பியது. சங்கேதத்தை அவர்கள் உடைக்கவில்லை, தொடவே இல்லை. அவர்கள் பயன்படுத்திய கருவிகளின் விலையும் சில நூறு டாலர்களில் அடங்கியது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இது நிஜத் திருட்டாக மாற நீண்ட நாள் ஆகவில்லை. 2017 நவம்பரில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை ஒரு சிசிடிவி காட்சியை வெளியிட்டது. இரவில் இரண்டு பேர் பெட்டி போன்ற கருவிகளோடு ஒரு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். ஒருவர் கதவோரம் நின்று பெட்டியை ஆட்டுகிறார், மற்றவர் கார் அருகே நிற்கிறார். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கார் போய்விடுகிறது.

ப்ளூடூத் வந்தபோதும் இந்தப் பலவீனம் கூடவே வந்தது. சிக்னல் வலுவாக இருந்தால் கருவி அருகில், தேய்ந்திருந்தால் தூரத்தில் என்று கணக்குப் போடும் முறை இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. ஆனால் வலு என்பது யாரும் கூட்டிக் குறைக்கக்கூடிய சங்கதி. ஓர் ஆம்ப்ளிஃபையர் போதும். 2022 மே மாதம் என்சிசி குரூப் என்ற பாதுகாப்பு நிறுவனம், ப்ளூடூத் லோ எனர்ஜியை நம்பிய கார் சாவி ஒன்றை இணைப்பு அடுக்கிலேயே அஞ்சல் செய்து திறந்து காட்டியது. திறக்கும் உரிமையைச் சிக்னலின் வலுவை வைத்து முடிவு செய்வது தவறு என்பதே என் தீர்மானமான கருத்து. பூட்டுக்கு அது ஒருபோதும் பொருந்தாது.

நேரத்தை அளந்தால்

ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போகிறது. நொடிக்கு 29,97,92,458 மீட்டர். அதாவது ஒரு நானோநொடிக்கு, நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கு, சுமார் 30 செ.மீ. இந்த வேகத்தை யாராலும் மீற முடியாது. திருடன் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பினால் நேரம் கூடத்தான் செய்யும். 30 மீட்டர் தள்ளிக் கிடக்கும் சாவியை அஞ்சல் செய்தால், போய்வர மட்டுமே 200 நானோநொடி கூடுதலாகும், அவனுடைய கருவி எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. எனவே அஞ்சல் செய்யப்பட்ட சாவி இன்னும் தள்ளியிருப்பதாகவே காருக்குத் தெரியும், ஒருபோதும் அருகில் இருப்பதாகத் தெரியாது. ஸ்டீஃபன் பிராண்ட்ஸ், டேவிட் சௌம் இருவரும் 1993இலேயே இந்த எண்ணத்தை ஒரு முறையான நெறியாக எழுதிவைத்தார்கள். கேள்வி போய்ப் பதில் திரும்பும் நேரத்தை அளந்தால், எதிராளி இதற்கு மேல் தள்ளி இருக்க முடியாது என்று ஓர் எல்லை போட்டுவிடலாம் என்றார்கள். எண்ணம் எளிது. அதைச் செய்துகாட்டும் சிப் மலிவாகக் கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஏன் அத்தனை ஆண்டுகள்? முதல் சிக்கல் கடிகாரம். கார் ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது, சாவி அதை வாங்கிச் சற்று நேரம் கழித்துப் பதில் அனுப்புகிறது. மொத்த நேரத்திலிருந்து சாவி எடுத்துக்கொண்ட நேரத்தைக் கழித்துப் பாதியாக்கினால் ஒருவழிப் பயண நேரம் கிடைக்கும். ஆனால் சாவியின் கடிகாரமும் காரின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இவற்றில் இருக்கும் மலிவான குவார்ட்ஸ் கிரிஸ்டல்கள் ஒன்றுக்கொன்று பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபடுவது சாதாரணம். சாவி ஒரு மில்லிநொடி காத்திருந்து பதில் சொன்னால், அதற்குள்ளேயே 20 நானோநொடி பிசகு சேர்ந்துவிடும். அதில் பாதி 10 நானோநொடி, தூரத்தில் 3 மீட்டர். கதவருகே நிற்பவரையும் தெருவில் நிற்பவரையும் பிரித்தறிய வேண்டிய கணக்கில் 3 மீட்டர் பிழை வந்தால் அந்தக் கணக்கால் பயனில்லை. இதைத் தீர்க்க, போய்வரும் பயணத்தை இரு திசையிலும் ஒருமுறை செய்து பிழைகளை ஒன்றோடொன்று கழிய விடுவார்கள், அல்லது கடிகார வேறுபாட்டையே அளந்து திருத்துவார்கள்.

இரண்டாவது சிக்கல் துடிப்பின் அகலம். ப்ளூடூத்தின் அடிப்படை முறையில் ஒரு பிட் ஒரு மைக்ரோநொடி நீள்கிறது. அந்த நேரத்தில் அலை 300 மீட்டர் போய்விடும். அவ்வளவு அகலமான சங்கதியின் விளிம்பைப் பார்த்து 10 செ.மீ. துல்லியம் காண்பது கடினம். அல்ட்ரா வைட்பேண்ட் இங்கேதான் உதவிக்கு வருகிறது. அது சுமார் 500 மெகாஹெர்ட்ஸ் அகலமான அலைப்பட்டையைப் பயன்படுத்துவதால் அதன் துடிப்புகள் இரண்டு நானோநொடி அளவுக்குக் குறுகலாக இருக்கும். சுவரில் பட்டுத் திரும்பிய அலையும் நேராக வந்த அலையும் ஒன்றாகக் கலந்து மழுங்காமல் தனித்தனியே தெரியும். நேராக வந்ததன் முன்விளிம்பைப் பிடித்தால் தூரம் பத்துச் செ.மீ. அளவுக்குக் கிடைத்துவிடும். 2019இல் ஐபோன் 11இல் யூ1 என்ற சிப் வந்ததிலிருந்து இந்தத் தொழில்நுட்பம் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2021இல் வெளியான மூன்றாம் பதிப்பு டிஜிட்டல் கார் சாவித் தரமும் இதையே எடுத்துக்கொண்டது.

முப்பத்தேழு நானோஜூல்

இவ்வளவு அகலமான பட்டையில் யாரும் இஷ்டம்போல் ஒலிபரப்ப முடியாது. அந்தப் பட்டைக்குள்ளேயே மற்றவர்களின் உரிமம் பெற்ற சேவைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2002 பிப்ரவரியில் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை அல்ட்ரா வைட்பேண்டுக்குத் திறந்துவிட்டபோது கறாரான நிபந்தனை ஒன்றைப் போட்டது. ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கழித்தல் 41.3 டிபிஎம் என்ற சராசரித் திறனுக்கு மேல் போகக்கூடாது. 500 மெகாஹெர்ட்ஸுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் இது சுமார் 37 மைக்ரோவாட். சாதாரண ப்ளூடூத் கருவி அனுப்பும் ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டால் அதில் இருபத்தேழில் ஒரு பங்கு.

இந்த விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வந்த விஷயம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. சராசரி என்றால் எவ்வளவு நேரத்துக்கான சராசரி? ஒரு மில்லிநொடிக்கானது. அதாவது, எந்த ஒரு மில்லிநொடியை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் அனுப்பிய ஆற்றல் மொத்தம் 37 நானோஜூலுக்குள் இருக்க வேண்டும். அந்த 37 நானோஜூலையும் மில்லிநொடி முழுக்கப் பரப்பி அனுப்பலாம், அல்லது சில பத்து மைக்ரோநொடிக்குள் குவித்து அனுப்பிவிட்டு மீதி நேரம் பேசாமல் இருக்கலாம். உச்சத் திறனுக்கென்று வேறொரு வரம்பு இருப்பதால் அளவுகடந்து குவிக்க முடியாது. அந்த எல்லைக்குள் இரண்டுமே சட்டப்படி சரி.

தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் தெருக்குழாயில் ஆளுக்கு மணிக்கு ஒரு குடம் என்று வைத்திருக்கிறார்கள் என்றால், அண்டா நிறைய வேண்டியவர் என்ன செய்வார்? பெரிய குடம் கொண்டுவந்தால் விடமாட்டார்கள். ஒவ்வொரு மணிக்கும் வந்து ஒரு குடமாகப் பிடித்துப்போய் அண்டாவில் ஊற்றிக்கொண்டே இருப்பார். பாக்கெட்டை வெட்டுவதன் முதல் நோக்கம் இதுவே. தூரம் அளக்கும் பாக்கெட்டை ஒரே மூச்சில் ஒரு மில்லிநொடிக்குள் அனுப்பினால் மொத்த ஆற்றலும் 37 நானோஜூலோடு நின்றுவிடும். அதையே எட்டுத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு மில்லிநொடி இடைவெளியில் அனுப்பினால், எட்டுமடங்கு ஆற்றல் எதிர்முனைக்குப் போகும். எந்த விதியும் மீறப்படவில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், 37 நானோஜூல் பல நேரங்களில் போதவில்லை. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். இந்த அலைவரிசைகளைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். சாவியாகப் பயன்படும் போனைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடப்பவரின் உடலே சிக்னலுக்குச் சுவராகிவிடும். நேராக வரும் அலை இரைச்சலில் மூழ்கிப்போக, எங்கோ பட்டுத் திரும்பிய அலை மட்டும் கேட்டால், கணக்கிடும் தூரம் நிஜத்தைவிடக் கூடிவிடும். நான்கு துண்டு அனுப்பினால் வெட்டவெளியில் எட்டும் தூரம் இரண்டு மடங்காகும். பதினாறு அனுப்பினால் நான்கு மடங்கு. அதே தூரத்தில், முன்பு உடல் மறைத்ததால் கேட்காமல் போன நேரடி அலையைக் கேட்கவும் இந்தக் கூடுதல் ஆற்றல் உதவும். என்னைக் கேட்டால் நீண்ட தூரத்தைவிட இந்த இரண்டாவது பலனே பெரிது.

எட்டு மில்லிநொடி நீளமான ஒரே பாக்கெட்டை மெலிந்த திறனில் இடைவிடாமல் அனுப்பினாலும் ஆற்றல் கணக்கு ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றுதான். ஆனால் அந்த எட்டு மில்லிநொடியும் இரு முனையிலும் அகலப்பட்டை ரேடியோ விழித்திருக்க வேண்டும். இந்த ரேடியோ, குறிப்பாகக் கேட்கும்போது, மின்சாரத்தை நிறையக் குடிக்கும். பொத்தான் அளவு பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய சாவிக்கு அது கட்டுப்படியாகாது. துண்டாக அனுப்பினால், ஒவ்வொரு மில்லிநொடியிலும் சில பத்து மைக்ரோநொடி மட்டும் விழித்து, பிறகு உறங்கிவிடலாம்.

தைப்பது எப்படி

வெட்டுவது சுலபம். எதிர்முனையில் துண்டுகளை மறுபடி ஒன்றாகத் தைப்பதில்தான் பொறியியல் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் இரைச்சலுக்குள் புதைந்திருக்கலாம். ஆனால் எட்டுத் துண்டுகளையும் சரியாக ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திக் கூட்டினால், சிக்னல் எட்டு மடங்கு உயரும். இரைச்சலோ ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் போவதால் எட்டின் வர்க்கமூலம், அதாவது 2.8 மடங்கு மட்டுமே உயரும். புதைந்திருந்தது மேலே எழும்பி வரும்.

சரியாகப் பொருத்தி என்று சொல்லிவிட்டேன். அதற்கு, முன்பு பார்த்த அதே கடிகாரப் பிசகு குறுக்கே நிற்கிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு என்றால் ஒரு மில்லிநொடிக்கு 20 நானோநொடி. துடிப்பின் அகலமோ 2 நானோநொடி. எனவே திருத்தாமல் கூட்டினால் அடுத்த துண்டு பத்துத் துடிப்பு அகலம் தள்ளிப்போய் விழும். அதைவிடக் கடினமானது அலையின் கட்டம், அதாவது அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. 8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதே வேறுபாடு நொடிக்கு 1,60,000 சுழற்சி. ஒரு மில்லிநொடிக்குள் 160 சுழற்சி பிசகியிருக்கும். கட்டம் பொருந்தாமல் கூட்டினால் துண்டுகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதற்குப் பதிலாக அழித்துவிடும்.

இதற்குத்தான் இரண்டாவது ஒரு ரேடியோவைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஐஇஇஇ 802.15.4 ஏபி என்ற பெயரில் உருவான தரத் திருத்தத்தின் மையக் கருத்து இது. 5.8 அல்லது 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் குறுகிய பட்டை ரேடியோ ஒன்று, அகலப்பட்டை ரேடியோவோடு ஒரே கிரிஸ்டலைப் பகிர்ந்துகொள்கிறது. குறுகிய பட்டையில் திறனுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லாததால் அதன் சிக்னல் எதிர்முனையில் தெளிவாகக் கேட்கும். அதைக் கேட்டு, எதிர்முனைக் கடிகாரம் எவ்வளவு வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது என்பதைக் கருவி முன்கூட்டியே கணித்துவிடும். இரண்டு ரேடியோவுக்கும் கிரிஸ்டல் ஒன்றே என்பதால் அந்தக் கணிப்பு அகலப்பட்டைத் துண்டுகளுக்கும் செல்லும். முதல் துண்டு எந்த நேரத்தில் வரும் என்பதும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடுகிறது. இரைச்சலுக்குள் தேடி அலைய வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு பிரிவினையும் நடக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய பாக்கெட்டில் விழிப்பூட்டும் முன்னுரை, தலைப்பு, செய்தி, தூரம் அளக்கும் துடிப்புகள் எல்லாமே அகலப்பட்டையில் போயின. அந்த 37 நானோஜூலில் ஒரு பங்கைத் தலைப்பும் செய்தியும் தின்றன. புதிய முறையில் நேர அறிவிப்பு, அளவெடுத்த முடிவு, அடையாளச் செய்திகள் எல்லாம் குறுகிய பட்டைக்குப் போய்விட்டன. அகலப்பட்டையில் தூரம் அளக்கும் துடிப்புகள் மட்டுமே மிச்சம். கிடைக்கிற கொஞ்ச ஆற்றலும் அளவெடுக்கும் வேலைக்கே போகிறது.

திருடன் எங்கே நுழைவான்

ஒளியை முந்த முடியாது என்றாலும், முந்தியதுபோல் நடிக்க முடியும். அந்த நடிப்பைத் தடுப்பதே பாதுகாப்பின் சாரம். சாவி அனுப்பப்போகும் துடிப்பு வரிசை திருடனுக்கு முன்பே தெரிந்தால், சாவியின் துடிப்பு வந்துசேரும் முன்பே அவன் அதே வரிசையைக் காரின் அருகிலிருந்து அனுப்பிவிடலாம். சாவி அருகில் வந்துவிட்டதாகக் கார் நம்பும். ஆகவே வரிசை யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். 2020இல் வந்த 802.15.4 இஸட் தரம் இதற்காக எஸ்டிஎஸ் என்ற பகுதியைப் பாக்கெட்டில் சேர்த்தது. காருக்கும் சாவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியத் திறவுகோலிலிருந்து, ஏஇஎஸ் 128 சங்கேத முறையின் உதவியோடு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு துடிப்பு வரிசை பிறக்கும். பரவலாகப் பயன்படும் அமைப்பில் 4096 துடிப்புகள். ஒவ்வொன்றும் நேரா, தலைகீழா என்பதை முன்னதாகச் சொல்ல வழியில்லை.

4096 துடிப்புகளை யார் ஊகிக்க முடியும் என்று பலர் நிம்மதியடைந்தார்கள். ஆனால் வாங்கும் கருவி ஒவ்வொரு துடிப்பையும் பிட்டுப்பிட்டாகச் சரிபார்ப்பதில்லை. வந்த சிக்னலையும் எதிர்பார்த்த வரிசையையும் ஒப்பிட்டு, எந்த நேரத்தில் ஒற்றுமை அதிகம் என்று ஒரு வரைபடம் போடுகிறது. அதில் எழும் முதல் முகடு நேரடி அலை என்று எடுத்துக்கொள்கிறது. நேரடி அலை உடலையோ சுவரையோ தாண்டி வந்திருந்தால் மெலிந்திருக்கும் என்பதால், பெரிய முகட்டுக்கு முன்னால் சின்ன முகடு ஏதாவது இருக்கிறதா என்று பின்னோக்கித் தேடும் பழக்கமும் அதற்கு உண்டு. அந்தத் தேடல் இல்லாவிட்டால் துல்லியம் போய்விடும். அந்தத் தேடலே திருடனுக்கு வாசலாகவும் ஆனது.

2022இல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் ‘கோஸ்ட் பீக்’ என்ற தாக்குதல் வெளியானது. ரகசியம் எதுவும் தெரியாமல், கண்டபடியான துடிப்புகளைச் சரியான நேரத்தில் சற்று உரத்த திறனில் அனுப்பினார்கள். அது வரைபடத்தில் முன்னதாகச் சில பொய் முகடுகளை எழுப்பியது. ஆப்பிள் யூ1 சிப்பும், என்எக்ஸ்பி, கோர்வோ நிறுவனங்களின் சிப்புகளும் சோதிக்கப்பட்டன. 12 மீட்டர் தூரம் 0 மீட்டராகக் காட்டப்பட்டது. முயற்சிகளில் அதிகபட்சம் 4 விழுக்காடு வெற்றி. 4 விழுக்காடு குறைவு என்று தோன்றும். நொடிக்குப் பலமுறை அளவெடுக்கும் ஒரு பூட்டில், ஒரே ஒரு அளவை நம்பிக் கதவு திறக்குமானால், அது குறைவே இல்லை.

துண்டாக்குவது இந்த இடத்தில் எந்தப் பக்கம் சேர்கிறது? இரண்டு பக்கமும் சேரக்கூடியது, அதனால்தான் கவனம் வேண்டும். நல்ல பக்கத்தை முதலில் பார்ப்போம். 802.15.4 ஏபி முறையில் துண்டுகள் இரண்டு வகை. ஆர்எஸ்எஃப் என்ற துண்டு எல்லோருக்கும் தெரிந்த, திரும்பத் திரும்ப வரும் வரிசை. அதைக் கூட்டுவது சுலபம், அலை வந்த பாதையின் தெளிவான படம் கிடைக்கும். ஆனால் தெரிந்த வரிசை என்பதால் திருடனும் அதை முன்கூட்டியே அனுப்பலாம், ஆகவே பாதுகாப்பு விஷயத்தில் அதை மட்டும் நம்பக்கூடாது. ஆர்ஐஎஃப் என்ற இரண்டாவது வகை ரகசியத்திலிருந்து பிறக்கும் ஊகிக்க முடியாத துடிப்புகளால் ஆனது. ஆர்எஸ்எஃப் காட்டும் இடத்தில் உண்மையிலேயே அலை வந்ததா என்பதை ஆர்ஐஎஃப் சாட்சி சொல்ல வேண்டும். ஒரு துண்டைக் கேட்டுவிட்டதால் அடுத்த துண்டைப் பற்றித் திருடனுக்கு எதுவும் தெரிந்துவிடாது. பொய் முகடு ஒன்றை எழுப்பினாலும், அடுத்த துண்டிலும், அதற்கடுத்ததிலும் அதே இடத்தில் அது எழ வேண்டும். குருட்டு அதிர்ஷ்டம் அப்படித் தொடர்ந்து ஒரே இடத்தில் விழாது. நிஜமான அலையோ ஒவ்வொரு துண்டிலும் அதே இடத்தில் நிற்கும், ஏனென்றால் சில மில்லிநொடிக்குள் நடந்துவரும் மனிதர் ஒரு செ.மீ.கூட நகர்ந்திருக்க மாட்டார்.

கெட்ட பக்கம் இது. துண்டுகளையெல்லாம் முதலில் கூட்டிவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கும் கருவி இந்தப் பாதுகாப்பைக் கோட்டைவிடும். ஒரே ஒரு துண்டின்போது திருடன் மிக உரக்கக் கத்தினால், கூட்டுத்தொகையில் அவன் குரலே மேலோங்கி நிற்கும். ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்த்து, இதன் வலு மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா, வந்த நேரம் கடிகாரக் கணிப்போடு பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே கூட்ட வேண்டும். ஆனால் தனித் துண்டு இரைச்சலுக்குள் மூழ்கியிருக்கும் அளவுக்கு மெலிந்ததாக இருந்தால், தனியாகச் சோதிக்க அதில் என்ன இருக்கிறது? எட்டும் தூரமும் நம்பகமும் ஒன்றையொன்று இழுக்கும் இடம் இதுதான். என் தீர்ப்பு: பூட்டைத் திறக்கும் கணத்தில் சாவி ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருந்தாக வேண்டும், அந்தத் தூரத்தில் தனித் துண்டே சோதிக்கும் அளவுக்கு வலுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே தூரத்திலிருந்து வருபவரைக் கண்டு விளக்கைப் போடக் கூட்டுத்தொகை போதும், கதவைத் திறக்கத் துண்டுதோறும் சோதனை கட்டாயம் என்று வடிவமைப்பவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். சோதனையில் பொருந்தாத அளவைத் திருத்திப் பார்க்க முயலாமல் தூக்கி எறிந்துவிட வேண்டும். மறுபடி அளக்க ஆகும் நேரம் சில மில்லிநொடி. மனிதர் அதை உணரக்கூட மாட்டார்.

ப்ளூடூத்தும் சும்மா இருக்கவில்லை. 2024 செப்டம்பரில் வந்த ப்ளூடூத் 6.0இல் சேனல் சவுண்டிங் என்ற வசதி இருக்கிறது. ஒரு மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 72 அலைவரிசைகளுக்குத் தாவித் தாவி, ஒவ்வொன்றிலும் அலையின் கட்டத்தை அளந்து தூரம் கணிக்கும். கட்டம் ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதால், ஏறக்குறைய 150 மீட்டருக்கு ஒருமுறை அதே அளவு திரும்பி வரும். கட்டத்தை மட்டும் நம்பினால் அதை வைத்தே ஏமாற்ற வழியுண்டு. அதனால் போய்வரும் நேரத்தையும் ஊகிக்க முடியாத பிட்டுகளோடு சேர்த்து அளக்கும்படி அந்தத் தரம் இடம் தருகிறது. இரண்டையும் சேர்த்து இயக்கும் கருவிக்கும் கட்டத்தை மட்டும் அளக்கும் கருவிக்கும் பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும்.

இந்த முறைகள் எதுவும் தீர்க்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அலையை இரைச்சலால் மூழ்கடித்து அளவெடுப்பதையே நடக்கவிடாமல் செய்பவனை எந்தத் துண்டும் தடுக்காது. அப்போது கதவு திறக்காது, அவ்வளவே. பூட்டு தோற்கும்போது பூட்டியபடியே தோற்பதுதான் முறை. ஆனால் சில கார்கள் அல்ட்ரா வைட்பேண்ட் கேட்காதபோது பழைய தாழ் அலைவரிசை முறைக்கோ ப்ளூடூத் வலுக் கணக்குக்கோ இறங்கிவிடும்படி அமைந்தால், திருடன் செய்ய வேண்டியது இரைச்சல் போடுவது மட்டுமே. மேலே சொன்ன அத்தனை உழைப்பும் அந்த ஒரு சலுகையால் வீணாகும்.

கார் வாங்கப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சாவியின் தூரத்தை நேரத்தை வைத்து அளக்கிறீர்களா, சிக்னல் வலுவை வைத்தா? நேர அளவீடு தோற்றால் கார் வேறு எந்த முறைக்கு மாறும்? பதில் தெரியாது என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே சாவியை எடுக்காமல் திறக்கும் பழைய கார் வைத்திருப்பவர்கள், வீட்டில் சாவியை வாசலருகே மாட்டாமல், ரேடியோ அலை புகாத உலோக உறையில் போட்டு உள்ளே வையுங்கள். உறைக்குள் சாவியைப் போட்டுக் காரின் அருகே கொண்டுபோய், கதவு திறக்கவில்லை என்பதை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அசையாமல் கிடந்தால் தானே உறங்கிவிடும் சாவி சில மாதிரிகளுக்கு உண்டு, உங்களுடையது அப்படிப்பட்டதா என்று கையேட்டில் பாருங்கள். எஞ்சினைக் கிளப்பக் கடவு எண் கேட்கும் வசதி உங்கள் காரில் இருந்தால், இன்றைக்கே அதை இயக்கிவிடுங்கள்.